ஈரக் குருவிகளுக்குக் கட்டிய லேபிள்

அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், ஆய்வுகூடம் என்று வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். இருபத்தாறு வருடம் பறவைகளோடு இருந்தவள் என்பதால் சொல்வதற்கு நல்ல கதைகள் நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கின்றன. அவற்றை வேறு யாராவது சொல்லிக்கொள்ளலாம். நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன். அதை எனக்குப் பதிலாகச் சொல்ல ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வட ஜெர்மனியில் ஒரு நகரத்தில் இருந்த இயற்கை அருங்காட்சியகத்தில் தரை துடைக்கும் வேலையில் சேர்ந்தேன். ஒரு நாள் பறவைப் பிரிவில் தையல் விட்டுப்போன ஒரு குருவியை வைத்துக்கொண்டு ஒருவர் தடுமாறிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு ஊசியை வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து தொடங்கி, பயிற்சி, பரீட்சை எல்லாம் முடித்து, சேகரிப்புப் பராமரிப்பாளர் என்ற பதவிக்கு வந்தேன். "செத்த குருவிக்குச் சோடினை செய்யிற வேலை" என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் பார்த்தவை கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பறவைகள் அல்ல. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, இழுப்பறைகளில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கும் ஆய்வுப் பறவைகள். ஒவ்வொன்றின் காலிலும் நூலால் ஒரு லேபிள் கட்டியிருக்கும். எங்கே பிடிபட்டது, எப்போது, யார் பிடித்தது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் துண்டுக் காகிதம் இல்லாவிட்டால் அந்தப் பறவையால் எந்த ஆய்வுக்கும் பயனில்லை. வெறும் இறகும் பஞ்சும்தான்.

என் பொறுப்பில் இருந்த அலுமாரிகளில் தென் அமெரிக்கப் பறவைகள் இருந்தன. வந்து பார்ப்பவர்கள் தேன்சிட்டுப் போல மினுங்குகிறவற்றைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஜெர்மன்காரர் குயவன் பறவைகள் என்று சொல்லும் குடும்பம். அதில் ஒரு வகை சேற்றைக் குழைத்து அடுப்பு மாதிரிக் கூடு கட்டும்; அந்தப் பெயரே முழுக் குடும்பத்துக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் கைக்கு அடக்கமான பறவைகள். எல்லாம் மண்ணிறம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்லப் பல பேராசிரியர்களுக்கே வராது. எனக்கு வரும். கண்ணுக்கு மேலே ஓடும் கோடு, தொண்டையில் ஒரு சிறு புள்ளி, வால் இறகின் நுனியில் முள்ளுப் போல நீட்டி நிற்கும் தண்டு, இவற்றை வைத்துச் சொல்லிவிடுவேன். அந்தத் திறமையில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையும் இந்தக் கதையில் ஒரு குற்றவாளி.

ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது தரையில் தண்ணீர் நின்றது. வார இறுதியில் கூரைக்குள் ஒரு குழாய் வெடித்திருந்தது. ஒரு அலுமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒன்பது முள்வால் குருவிகள் நனைந்து கிடந்தன. குயவன் பறவைக் குடும்பத்தில் சிறிய பறவைகள் அவை. பெருவின் மலைச்சரிவுகளில் நூறு வருடத்துக்கு முன் ஒருவர் சேகரித்தவை.

பறவைகள் காய்ந்துவிடும் என்று தெரியும். ஆனால் லேபிள்களில் மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஈர இறகோடு ஒட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு எழுத்துப் போகும். எங்கள் விதி என்னவென்றால், எதையும் தொடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். கமரா மேல்மாடியில் இருந்தது. போய் வர இரண்டு நிமிடம். நான் போகவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஒன்பது நூலையும் வெட்டி, ஒவ்வொரு லேபிளையும் அதனதன் பறவைக்குப் பக்கத்தில் மையொற்றும் தாளில் பரப்பினேன். வெட்டியதை இன்றும் பிழை என்று சொல்லமாட்டேன், எழுத்துகள் தப்பின. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

கட்டடப் பராமரிப்பாளர் நல்ல மனிதர். அறையைக் காய வைக்க வேண்டும் என்று பெரிய மின்விசிறி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் இன்னொரு இழுப்பறையைத் தூக்கிக்கொண்டு முதுகைத் திருப்பியிருந்தேன். விசையைத் தட்டிவிட்டார். நான் திரும்பியபோது ஒன்பது லேபிளும் தரையில்.

நான் கத்தவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. முழந்தாளிட்டுப் பொறுக்கினேன். லேபிளில் குறித்திருந்த அடையாளங்களை வைத்து ஐந்துக்கு உரிய பறவைகளைக் கண்டுபிடித்தேன். ஒன்று குஞ்சு, வெவ்வேறு அளவில் இரண்டு பெண், ஒன்றின் அலகு முன்னரே உடைந்தது, ஒன்றுக்கு ஒரு கால் இல்லை. மிச்சம் நான்கு. நான்கும் வளர்ந்த ஆண். ஒரே மாதத்தில், ஒரே ஆள் பிடித்தவை. இரண்டு லேபிள்களில் வடக்குப் பள்ளத்தாக்கின் பெயர். இரண்டில், மலைத்தொடருக்கு அப்பால் இருந்த தெற்குப் பள்ளத்தாக்கின் பெயர். நனைந்த இறகில் கோடும் தெரியவில்லை, வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் தொண்டைப் புள்ளியும் தெரியவில்லை.

பிரிவுத் தலைவரிடம் போனேன். பெரிய அறிஞர். என்னைத் துப்புரவு வேலையிலிருந்து மேலே கொண்டுவந்தவரும் அவர்தான்.

"நான்கை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றேன். "நான்கு பறவையையும் நான்கு லேபிளையும் ஒரே பையில் போட்டு, நடந்ததை எழுதி வைக்கிறேன்."

அவர் கதவைச் சாத்தினார். அந்த வியாழக்கிழமை ஒரு மதிப்பீட்டுக் குழு வர இருந்தது. எங்கள் பறவைச் சேகரிப்பை இங்கேயே வைத்திருப்பதா, வேறு நகரத்துக்குக் கொண்டுபோவதா என்று அவர்கள்தான் சொல்லப் போகிறார்கள்.

"குழாய் வெடித்ததை அவர்கள் மன்னிப்பார்கள். லேபிளைத் தவறவிட்டோம் என்று நாமே எழுதிக் கொடுத்தால் மன்னிக்க மாட்டார்கள்."

"ஆனால் எனக்குத் தெரியவில்லை."

"திருமதி நடராசா, இந்தக் குருவிகளை உங்களை விட நன்றாகத் தெரிந்தவர் இந்த நாட்டில் யார்? உங்கள் கண்ணை நான் நம்புகிறேன். பார்த்துக் கட்டுங்கள்."

அவர் கட்டளை இட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். புகழ்ந்தார். புதன்கிழமை மத்தியானம், இன்னும் ஈரம் போகாத நான்கு குருவிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எனக்குத் தெரிகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு கட்டினேன். பதிவேட்டில் "நீர்ச் சேதம், உலர்த்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பூச்சிப் பிரிவில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். ஒரு முறை அரிய வண்டொன்றின் கால் அவர் கையால் முறிந்துபோனது. உடனே ஒரு சின்னக் காகிதத்தில் "இதை முறித்தது நான்" என்று தன் பெயரையும் நாளையும் எழுதி, வண்டுக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தி வைத்தார். "உமக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டேன். "வெட்கம்தான். ஆனால் அடுத்து வருகிறவர், கால் எப்போதிருந்து இல்லை என்று யோசித்து ஒரு வாரத்தை வீணாக்க மாட்டார்" என்றார். அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

குழு வந்தது, பாராட்டியது, போனது. சேகரிப்பு எங்களிடமே இருந்தது. குருவிகள் ஒரு வாரத்தில் நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது எடுத்துப் பார்த்திருந்தால் தொண்டைப் புள்ளி தெரிந்திருக்கும். நான் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில், பிறகு வருடக்கணக்கில்.

அதைத் திறந்தவள் தர்சிகா.

டுசல்டோர்ஃபில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு. முள்வால் குருவிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய எங்களிடம் வந்தாள். முதல் நாள் என் பெயரைக் கதவில் பார்த்துவிட்டு, ஜெர்மனில் வணக்கம் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே மாறி, "அன்ரி, நீங்கள் எங்கட ஆக்களோ?" என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவோம். இந்த மண்ணிறக் குருவிகளைப் பார்த்து என்னைப் போலவே சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாவது மாதம் ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அன்ரி, இஞ்ச பாருங்கோ. தொண்டையில கறுப்புப் புள்ளி. இது வடக்குப் பள்ளத்தாக்கில மட்டும்தான் இருக்கெண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். லேபிளைப் பாருங்கோ, தெற்கு! அங்கயும் இருந்திருக்கு அன்ரி. ஒருத்தரும் தேடிப் பார்க்கேல்ல."

நூலில் என் முடிச்சு. பார்த்த உடனே தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். "அந்த லேபிள் பிழையாய் இருக்கலாம் பிள்ளை." அவ்வளவுதான்.

"லேபிள்ல என்ன இருக்கோ அதுதானே" என்றேன்.

அவள் அதை உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொண்டாள். என்னை நம்பியதால்தான் மேற்கொண்டு சோதிக்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

பயணத்துக்கான விண்ணப்பத்தை எழுதினாள்; அனுமதி வந்தது. தெற்குப் பள்ளத்தாக்கில் ஆறு வாரம் தேடிவிட்டுத் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது. குருவி இல்லை.

"என்னிலதான் பிழை அன்ரி. மழைக்காலத்தில போயிட்டன். அதின்ர சத்தத்தையும் சரியாப் பழகேல்ல. இன்னொருக்காப் போகவேணும்."

அன்று மாலை கணவரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பென்சனுக்கு ரண்டரை வருசம் கிடக்கு. இப்ப ஏன் வாயைக் குடுக்கிறீர்? அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, தானே கண்டுபிடிக்கும்."

அடுத்த நாள் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் அந்த வசந்தத்தில் ஓய்வு பெற இருந்தார்.

"அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்" என்றேன்.

"எதை?"

"நீங்கள் கட்டச் சொன்ன நான்கு லேபிள்களைப் பற்றி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்கள் கண்ணை நம்புவதாகச் சொன்னேன். இப்போதும் நம்புகிறேன். பதிவேட்டில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா?"

"இல்லை."

"கையெழுத்து?"

"என்னுடையது."

"பிறகென்ன" என்றார். கோபமே இல்லை. எழுந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதாவது நேரே தர்சிகாவிடம் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு இன்னொரு வாரம். அப்படியே மாதங்கள் போயின. அதற்குள் அவள் இரண்டாம் தடவையும் புறப்பட்டுவிட்டாள். நான்தான் வழியில் சாப்பிடச் சீனி அரியதரம் செய்து கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சேகரிப்பு அறையில் நின்றபடியே கேட்டேன்.

"அன்ரி, பயப்பிடாதேங்கோ. சரிவில சறுக்கி விழுந்து கணுக்கால் முறிஞ்சு போச்சு. ரண்டு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடந்தவை. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கிறன். அம்மாட்டச் சொல்லாதேங்கோ. அன்ரி, இன்னொண்டு. இந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில எங்கட குருவியைப் பெரிசாக் கீறி வச்சிருக்கினம். தங்கட காட்டுக்கயும் இருக்கெண்டு ஒரே சந்தோசம். காட்டை வெட்டி ரோட்டுப் போட வாறவங்களுக்கு இதைக் காட்டப் போறமெண்டு சொல்லுகினம். நான் சொன்னதாலதானே. கண்டுபிடிக்காமல் எப்பிடி நான் திரும்பி வாறது?"

அந்தச் செய்தி முடிந்த உடனே கணினிக்கு முன் உட்கார்ந்தேன். குழாய் வெடித்த நாளிலிருந்து நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். எந்த நான்கு பறவைகள், யார் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், பிறகு எத்தனை தடவை மௌனமாக இருந்தேன் எல்லாம். கையெழுத்து வைத்து ஒரு பிரதியைப் பதிவேட்டில் ஒட்டினேன். ஒரு பிரதியை இயக்குநருக்குக் கொடுத்தேன். எழுதி முடிக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுருக்கமான வேலையை ஏழு வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

தர்சிகா ஊன்றுகோல்களோடு வந்தாள். நான் அவளை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்தேன். வாயால் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் தைரியம் வரவில்லை. அவள் ஜெர்மனில் எழுதியிருந்ததை மெதுவாக வாசித்தாள். திரும்ப முதலிலிருந்து வாசித்தாள்.

"எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?"

"நீ தட்டைக் கொண்டுவந்து காட்டின அண்டைக்கே."

"நான் முதல் தரம் போகேக்க?"

"ஓம்."

"ரண்டாந்தரம் போகேக்க?"

"ஓம் பிள்ளை."

அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள்.

"மற்ற மூண்டின்ர இலக்கத்தையும் சொல்லுங்கோ. நான் என்ர அட்டவணையில இருந்து எடுக்கவேணும்."

சொன்னேன். எழுதினாள். எழுந்து ஊன்றுகோல்களைச் சரிசெய்தாள். நான் தாங்கப் போனேன். "வேண்டாம், எனக்கு ஏலும்" என்றாள். வாசலில் நின்று திரும்பாமலே கேட்டாள்: "அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது? நீங்களோ, நானோ?"

நான் எழுதுவதாகச் சொன்னேன். எழுதினேன். அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஒருவர் அதை ஸ்பானிய மொழியில் மாற்றிக் கொடுத்தார். பதில் வரவில்லை. காடு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

குருவிகளின் விரலில் ஒரு துணுக்கு எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். நான்கு லேபிள்களில் இரண்டு மாறியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருந்தாலும் அவ்வளவு சரியாகத்தான் வந்திருக்கும். இந்த நாட்டில் எவரையும் விட நன்றாகத் தெரிந்தவள் நான்.

எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை தந்தார்கள். பறவைப் பிரிவிலிருந்து எடுத்து, கடைசி ஒன்றரை வருடமும் பொதி கட்டும் அறையில் விட்டார்கள். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. பிரிவுத் தலைவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அப்படி ஒரு உரையாடல் நடந்ததாக நினைவில்லை என்று இயக்குநருக்கு எழுதினாராம். அவர் பெயரில் இப்போது ஒரு மண்டபம் இருக்கிறது. அதில் எனக்கு முறைப்பாடு உண்டு. அந்த மனக்குறை காலப்போக்கில் ஆறிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

தர்சிகாவின் ஆய்வில் பாதி அந்தத் தெற்குப் பள்ளத்தாக்கை நம்பி நின்றது. அதை எடுத்துவிட்டுத் திருப்பி எழுத அவளுக்குக் காலமும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை. பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மியூனிக்கில் ஏதோ கணினி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மூன்று கடிதம் போட்டேன். பதில் எழுத வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். உங்களை அவமதித்து ஒரு பிழையைச் செய்யச் சொல்கிறவரை நீங்களே எதிர்த்துக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. உங்களைப் புகழ்ந்து செய்யச் சொல்கிறவர் வரும்போது கவனமாக இருங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். அன்றைக்கே. பிறகு எழுதினாலும் எழுதியதுதான், ஆனால் இடையில் யாரோ ஒருவர் மலை ஏறியிருப்பார்.

போன வருடம் டுசல்டோர்ஃபில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "நீங்கள் நூதனசாலையில வேலை செய்த அக்காதானே? நான் தர்சிகாவின்ர அம்மா. படத்தில பார்த்திருக்கிறன். என்ர பிள்ளைக்கு அந்த நூதனசாலையில நீங்கள் செய்த உதவிக்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லேல்ல அக்கா."

அவருக்குப் பின்னால் தர்சிகா தட்டோடு நின்றாள். கணுக்காலை இன்னும் கொஞ்சம் சாய்த்துத்தான் வைக்கிறாள். என்னைப் பார்த்தாள். தாயிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"அம்மா, வாங்கோ" என்று தாயின் தோளைத் தொட்டாள். "சோறு ஆறுது."

தாய் என் கையை விட மனமில்லாமல், "நீங்களும் எங்களோட வந்து இருங்கோவன் அக்கா" என்றார்.

தர்சிகா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் என் கணவர் காத்திருப்பதாக ஒரு பொய் சொல்லிவிட்டு, மண்டபத்தின் மறுபக்கத்தில் போய்த் தனியாக இருந்து சாப்பிட்டேன்.